சீட்டு இல்லாத கல்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் ரிஷிவந்தியத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். லாரி ஓட்டுகிறார். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற வேலை. ஒரு துண்டில் சுற்றி எதையோ எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். "டீச்சர், இது இன்னா கல்லுன்னு பாத்து சொல்லுங்க. சாளக்கிராமம்னு சொல்லி ஒருத்தர் அஞ்சாயிரம் தரேங்கறாரு. குடுத்துடட்டுமா?"

சாத்துக்குடியைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல ஒரு கல். மேலே ஐந்து இதழ் விரிந்த பூ. யாரோ ஊசியால் குத்திக் குத்திக் கோலம் போட்டது போல அத்தனை நேர்த்தி. எனக்குக் கை நடுங்கியது. "டேய், இது சாளக்கிராமம் இல்லடா. கடல் அர்ச்சின். எட்டாம் வகுப்புல முட்தோலின்னு நடத்துனேனே, நட்சத்திர மீனு, அதுக்குச் சொந்தக்காரன். ஏழு கோடி வருஷம் இருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். "நட்சத்திர மீனு ஞாபகம் இருக்கு டீச்சர். நீங்க வரையச் சொல்லி நான் வரையாம அடி வாங்குனேன்."

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "எங்க எடுத்த?"

அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டு, நான் பதில் தெரியாமல் நின்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது நியாயம் இல்லை.

1996. நான் அப்போது ஒரு நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 45 பேரைக் கூட்டிக்கொண்டு கல்லணை, மலைக்கோட்டை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னோடு படித்த தோழி ஊட்டத்தூர் பக்கம் வேலை பார்த்தாள். "பாடாலூர்ல திரும்புங்கடி, ஒரு அதிசயம் காட்டறேன்" என்று கடிதம் போட்டிருந்தாள். பஸ்ஸைத் திருப்பினோம். காரை என்ற ஊரைத் தாண்டிப் பார்த்தால் ஒரு மரம் கிடையாது. மழைநீர் அரித்து அரித்து, மண் குன்றும் ஓடையுமாக, வேறு ஏதோ கிரகத்தில் இறங்கியது போல ஒரு நிலம். தரையெங்கும் கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம் மினுக்குகிறது. அதற்கு நடுவில் துப்பாக்கித் தோட்டா போல, உடைந்த பென்சில் போலத் துண்டு துண்டாகக் கற்கள். "இதெல்லாம் கணவாய் மீனுக்குச் சொந்தம். பெலம்னைட்னு பேரு. நீங்க நிக்கறது கடல்" என்றாள் தோழி.

அவ்வளவுதான். 45 பிள்ளைகளும் கடற்கரையில் சிப்பி பொறுக்குவது போல ஓடினார்கள். நானும் ஓடினேன். கடற்கரையில் வேட்டையாடிய அதே சந்தோஷம், கடல்தான் இல்லை. அது போய்ப் பத்துக் கோடி ஆண்டு ஆகிறது. ஒருத்தன் நத்தை மாதிரிச் சுருண்ட கல் ஒன்று கண்டுபிடித்தான். அம்மோனைட். கால்சட்டைப் பை, பாவாடை மடி, சாப்பாட்டு டப்பா எல்லாம் நிரம்பின. இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டுமே என்று விசில் அடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நல்லவற்றைப் பொறுக்கி எடுத்துப் பள்ளி அலமாரியில் வைத்தேன். அடுத்த ஆண்டு அறிவியல் கண்காட்சி வந்தது. கற்கள் மண்ணடித்து மங்கிக் கிடக்கின்றனவே என்று குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தேன். நுரை வந்தது. அழுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். போனது அழுக்கு இல்லை, கல். அந்த ஓடுகள் எல்லாம் கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் கரைவதை நானே வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். அதையே புதைபடிவத்துக்குச் செய்யும்போது மூளை வேலை செய்யவில்லை. அம்மோனைட்டின் மேல் இருந்த மெல்லிய வரிகள் பாதி போயின. அதற்கு மேல் வார்னிஷ் வேறு அடித்தேன்.

கண்காட்சிக்கு நடுவராக வந்தவர் கல்லூரியில் புவியியல் நடத்துபவர். ஆசையாக எடுத்துப் பார்த்தார். "எங்கே எடுத்தீங்க?" "காரை பக்கம் சார்." "காரைன்னா எந்த ஓடை? சரிவில் மேலேயா, கீழேயா? மண்ணில் பதிஞ்சிருந்ததா, உருண்டு கிடந்ததா?" நான் விழித்தேன். எந்தப் பிள்ளை எங்கே எடுத்தது என்பதே எனக்குத் தெரியாது. மலைக்கோட்டையின் அடியில் ஒருத்தி பொறுக்கிய கூழாங்கல்கூட அதில் கலந்திருந்தது. அவர் கல்லை மெதுவாக மேசைமேல் வைத்தார். "அழகான கல்லும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

சில ஆண்டுகள் கழித்து அந்தப் பள்ளியில் கட்டட வேலை நடந்தபோது அலமாரியைக் காலி செய்தார்கள். பெட்டியில் கல் இருந்தது. எந்தச் சீட்டும் இல்லை. வேலையாள் அதைக் கல் என்றே நினைத்து அஸ்திவாரத்துக்குக் கொட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெயர் எழுதி வைக்காதது நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கே எடுத்தது என்று ஏன் இப்படிக் குடைகிறார்கள்?

அரியலூர், பெரம்பலூர் நிலம் அடுக்கு அடுக்காக எழுதி வைத்த நோட்டு. சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு டைனோசர் இனம் அழிந்த காலம் வரைக்கும், அதைத் தாண்டியும், கடல் உள்ளே வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு. ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கள்ளமேடு, நினியூர். பஸ் நிற்காத ஊர்களின் பெயர்கள் எல்லாம் உலகப் புவியியல் புத்தகத்தில் இருக்கின்றன. ஓர் அடுக்கில் இருக்கும் அம்மோனைட் வகை அடுத்த அடுக்கில் இருக்காது. அதனால்தான் அது காலம் காட்டும் கடிகாரம். கடிகாரத்தை அடுக்கிலிருந்து பிடுங்கி, எந்தச் சுவரில் மாட்டியிருந்தது என்றும் மறந்துவிட்டால், அப்புறம் அது மேசைமேல் வைக்கும் பொம்மை.

(கல்லங்குறிச்சி என்றதும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் துள்ளிக் குதிக்கிறார்கள். பிள்ளைகளே, அது அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சி. கலியுக வரதராஜப் பெருமாள் இருக்கிற ஊர். நம்முடையது கள்ளக்குறிச்சி. நம் கல்வராயன் மலைப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்தி உருவானது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. அதில் நத்தையும் கிடைக்காது, சிப்பியும் கிடைக்காது. தியாகதுருகம் மலையில் டைனோசர் முட்டை என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தயவுசெய்து எனக்கு அனுப்ப வேண்டாம்.)

முட்டை என்றதும் நினைவு வருகிறது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று ஒரே நாளில் தமிழ்நாடு முழுவதும் பரவிவிட்டது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் வந்தார்கள். முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றிச் சேறு இறுகிக் கல்லான உருண்டைகள் என்றார்கள். உடனே ஆர்வம் வடிந்துவிட்டது. எனக்கு வருத்தம் அங்கேதான். முட்டை இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா? அந்த உருண்டையும் கடல் எழுதிய எழுத்துதான்.

இனம் காண்பது பெரிய வித்தை இல்லை. முதல் சந்தேகத்தைத் தீர்க்கும் அளவுக்கு யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். முட்டை என்றால் மெல்லிய ஓடு தனியாகத் தெரிய வேண்டும். வெறும் உருண்டை என்றால் உடைந்த இடத்தில் வெங்காயம் போலச் சுற்றுச் சுற்றாகவோ, நடுவில் ஒரு சிப்பியோடோ இருக்கும். அம்மோனைட்டும் நத்தையும் ஒன்று போல இருந்தாலும், அம்மோனைட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருக்கும். தடுப்புச் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் இலை விளிம்பு போல வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். நத்தைக்கு அது கிடையாது. பெலம்னைட்டை உடைந்த பக்கமாகப் பார்த்தால் நடுவிலிருந்து சூரியக் கதிர் போலக் கோடுகள். கல்மரத்தில் மரத்தின் வரி அப்படியே இருக்கும். தூக்கினால்தான் கல் என்று தெரியும். எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்களாம். எலும்பில் நுண்துளை இருப்பதால் ஒட்டும். (இதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். என் பேத்தி வீட்டில் உள்ள எல்லாக் கல்லையும் நக்கிவிட்டாள்.)

இன்னொன்று. தரைக்குப் போடும் பலகைக் கல்லில் பெரணிச் செடி போலக் கறுப்பாகப் படர்ந்திருக்கும் பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு "டீச்சர், செடிப் படிவம்" என்று வராத ஆண்டே கிடையாது. அது செடி இல்லை. கல்லின் விரிசலில் மாங்கனீசு கலந்த நீர் ஊறிப் படிந்த கறை. நானே முதல் மூன்று ஆண்டுகள் அதைச் செடி என்றுதான் நடத்தினேன். அப்போது என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க.

பெரியவர்களும் தவறுவார்கள், அதுவும் பெரிதாக. அரியலூர் பக்கம் கள்ளமேட்டில் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர்கள் பெரிய பெரிய எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம். என் உயரத்தைவிட அதிகம். யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-இல் அதற்கு புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரப் பல்லி என்று பொருள். உலகத்தில் வாழ்ந்த நிலவிலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் அது ஒன்றாக இருக்கலாம் என்று பேசுகிறார்கள். எங்கே அந்த எலும்பு என்று கேளுங்கள். இல்லை. களிமண்ணில் ஊறிப் போயிருந்த எலும்பு, மழையில் நனைந்து, எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கையில் மிஞ்சியது சில படங்களும் குறிப்புகளும். அதனால் உலகத்தில் பலர் அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும் என்று கேலி பேசினார்கள். 2022-இல்தான் பழைய புகைப்படங்களை எடுத்து வெளியிட்டு, எலும்புதான் என்று மறுபடி வாதாட வேண்டியிருந்தது.

நமக்குக் கை உடைந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள் இல்லையா? புதைபடிவ எலும்புக்கும் அதே வைத்தியம்தான். எலும்பைச் சுற்றி உள்ள மண்ணோடு சேர்த்து, மேலே காகிதம் ஒட்டி, சாக்குத் துணியை மாவில் தோய்த்துச் சுற்றிக் காயவிட்டு, கட்டோடு தூக்க வேண்டும். படித்தவர்கள், பயிற்சி உள்ளவர்கள் தோண்டியதே கையில் பொடியாகப் போயிற்று என்றால், நாம் கடப்பாரையால் நோண்டினால் என்ன ஆகும்? ஆகவே என் முதல் கருத்து, சந்தேகமே இல்லாத கருத்து: எலும்பு போலத் தெரிந்தால் தொடாதீர்கள். கைபேசியில் பக்கத்தில் ஒரு பேனா வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்தில்தான் சண்டை. என்னோடு பணியாற்றிய ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் ஒரே போடாகப் போட்டார்: "ஒரு கல்லையும் யாரும் எடுக்கக் கூடாது. நீங்க 45 பேரு அள்ளிட்டு வந்தீங்க. வருஷத்துக்கு நூறு பள்ளிக்கூடம் போனா காரையில என்ன மிஞ்சும்?" அவர் கேட்பது நியாயம். நான் அள்ளி வந்தது குற்றம் என்றே வைத்துக்கொள்கிறேன். திருவக்கரையில் என்ன நடந்தது? நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். 1781-லேயே சோனரே என்ற பிரெஞ்சுக்காரர் அங்குள்ள கல்மரங்களைப் பற்றி எழுதிவிட்டார். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள். புளி, ஆமணக்குக் குடும்பத்து மரங்கள்கூட இருப்பதாகச் சொல்கிறார்கள். வேலி போட்டுக் காவல் வைத்த பிறகுதான் அவை பிழைத்தன. வேலி இல்லாத இடத்தில் கிடந்த துண்டுகள் எத்தனை வீட்டு வரவேற்பறையில் இருக்கின்றனவோ. சாத்தனூர் கல்மரமும் அப்படித்தான். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் கண்டறிந்தது. 18 மீட்டர் நீளம். அது ஓடையில் கேட்பாரற்றுக் கிடந்திருந்தால் இத்தனை ஆண்டு நீளம் குறையாமல் இருந்திருக்குமா?

இத்தனையும் ஒத்துக்கொண்ட பிறகும், "யாரும் எதையும் எடுக்கக் கூடாது" என்பதை நான் ஏற்கவில்லை. திருவக்கரையும் சாத்தனூரும் வேலிக்குள் இருக்கின்றன. அங்கே அந்தச் சட்டம் சரி. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அது அர்த்தம் இல்லாத பேச்சு. அங்கே நாம் எடுக்காத கல் பத்திரமாக அங்கேயே கிடக்கப் போவதில்லை. நாளைக்கு வெடி வைப்பார்கள், லாரியில் ஏறும், அரைத்துச் சிமெண்ட் ஆகும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முழுக்கச் சிப்பி. நம் வீட்டுச் சுவரில் ஏழு கோடி ஆண்டுச் சிப்பி இருக்கிறது, மேலே டிஸ்டெம்பர் அடித்திருக்கிறோம். சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுரங்கம் வெட்டியதால்தான் பல படிவங்கள் வெளிச்சத்துக்கே வந்தன என்பதும் உண்மை. ஆனால் வெளிச்சத்துக்கு வந்தது அரவைக்குப் போவதற்குள் அதைப் பார்க்கிற கண் யாருடையது? ஆய்வாளருடையது இல்லை. அவர் என்றைக்கோ ஒரு நாள் வருவார். தினமும் பார்ப்பது ஜேசிபி ஓட்டுபவர், கல் பொறுக்குகிற அக்கா, என் லாரிக்கார மாணவர்.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்றொரு ஊர். மேரி ஆனிங் (1799–1847) என்ற தச்சர் மகள் அங்கே கடற்கரையில் கல் பொறுக்கி விற்றுத்தான் பிழைத்தார். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. 12 வயதில் மீன்பல்லி எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார். 1823-இல் நீள்கழுத்துக் கடல் ஊர்வன ஒன்றின் முழு எலும்புக்கூடு. லண்டன் புவியியல் கழகம் பெண் என்பதால் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அவர் எடுத்துக் கொடுத்ததை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் எல்லாம் உறுப்பினர்கள். அதே கடற்கரையில் இன்றைக்கு என்ன வழக்கம் தெரியுமா? மலைச்சரிவைத் தோண்டக் கூடாது. சரிந்து விழுந்து மணலில் கிடப்பதைப் பொதுமக்கள் எடுக்கலாம், விட்டால் கடல் அதை அரைத்துவிடும் என்பதால். அபூர்வமானது கிடைத்தால் சார்மவுத் ஊரில் உள்ள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். எடுத்தவர் திருடரும் இல்லை, இடம் தெரியாமல் போவதும் இல்லை. அங்கே அரைப்பது கடல், இங்கே அரைப்பது கிரஷர். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களையும் எச்சங்களையும் பாதுகாக்க ஒரு வரைவு மசோதா வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அதிகாரம் எல்லாம் ஒரே துறையிடம் போய்விடும் என்று ஆய்வாளர்கள் சிலரே ஆட்சேபித்தார்கள். சட்டம் வரட்டும், வேண்டும். ஆனால் அது லாரி ஓட்டுபவரைப் பயமுறுத்துகிற சட்டமாக மட்டும் வந்தால் நடக்கப் போவது எனக்குத் தெரியும். கல்லைப் பார்த்ததும் "வம்பு எதுக்கு" என்று அவரே கிரஷரில் தள்ளிவிடுவார். அல்லது ஐந்தாயிரம் தருகிறவரிடம் ராத்திரியில் கொடுத்துவிடுவார்.

வாரணவாசியில் அரியலூர்ப் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. போய்ப் பாருங்கள், கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். என் ஆசை என்னவென்றால், சுரங்கத்து வாசலிலும் டீக்கடையிலும் ஒரு பலகை இருக்க வேண்டும்: இப்படிப்பட்ட கல் கிடைத்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று, படத்தோடு. கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஒரு ரசீது. கண்ணாடிப் பெட்டியில் கல்லுக்குக் கீழே கொடுத்தவர் பெயர். பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒரு நாள் கூலியாவது தரலாம். ஆனால் பெயர் முக்கியம். தன் அப்பா பெயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை பள்ளியில் சொல்லிக்கொள்ளும்.

விலைக்கு விற்பதை மட்டும் என் மனம் ஒப்பவில்லை. சாளக்கிராமம் என்று நம் மக்கள் பூஜையில் வைப்பதும் நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கிற அம்மோனைட்தான். அதை வணங்குகிறவர்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. கல்லைக் கும்பிடுகிறவர் அதை உடைக்க மாட்டார். அரியலூர்க் கல்லைச் சாளக்கிராமம் என்று சொல்லி விற்கிற தரகர்தான் எனக்குப் பிடிக்காதவர். அவர் முதலில் அழிப்பது, எங்கே எடுத்தது என்ற தகவலைத்தான்.

இப்போது மாணவர் கல்லுக்கு வருகிறேன். "எங்க எடுத்த?" என்று கேட்டேன். லோடு இறக்குகிற இடத்தில் கீழே விழுந்தது என்றார். எனக்கு மனசு விட்டுப் போயிற்று. மறுபடியும் சீட்டு இல்லாத கல்லா! ஆனால் அவர் லாரிக்காரர் ஆயிற்றே. கைபேசியில் அன்றைய டிரிப் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தச் சுரங்கம், எந்தப் பக்கத்துப் படிக்கட்டில் ஏற்றியது என்று கடகடவென்று சொன்னார். "மேல்படி முடிஞ்சு போச்சு டீச்சர், ரெண்டாவது படியில ஓட்டிட்டு இருந்தாங்க." 1996-இல் நான் எழுதாமல் விட்டதை எல்லாம் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். உட்கார வைத்து நோட்டில் எழுதச் சொன்னேன். கையெழுத்து அன்றைக்கு இருந்தது போலவே கோழி கிளறியது மாதிரி. பரவாயில்லை.

180 ஆண்டுகளுக்கு முன் கேய், கன்லிஃப் என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரிப் பக்கமும், நம் பக்கத்து விருத்தாசலத்துப் பக்கமும், திருச்சிப் பக்கமும் கல் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். விருத்தாசலத்தை வெர்டாச்செல்லம் என்று கடித்துத் துப்பியிருந்தாலும் ஊர் பெயர் இருக்கிறது. லண்டன் போன கல்லுக்கு ஊர் உண்டு. என் பையில் வந்த கல்லுக்கு இல்லை.

வீட்டில் கல் வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். புளி, எலுமிச்சை, வினிகர், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. பழைய பல் துலக்கி போதும், தண்ணீர்கூட அவசரம் இல்லை. களிமண் ஒட்டியது நனைந்தால் சில சமயம் கல்லே பிளந்துவிடும். எண்ணெய், வார்னிஷ் வேண்டாம். உதிர்கிற கல்லுக்கு அருங்காட்சியகத்தில் பேராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசுவார்கள். பிறகு வேண்டுமானால் அதே அசிட்டோனால் எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு. கடையில் விற்கும் பசையைப் போட்டு ஒட்டிவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சிலவற்றில் பொன் போல மினுக்கும் இரும்புக் கனிமம் இருக்கும். மழைக்கால ஈரத்தில் அது பொரிந்து பொடியாகிவிடும். ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். கல்லின் அடிப்பக்கம் சின்னதாக ஓர் எண். அதே எண்ணோடு டப்பாவுக்குள் ஒரு சீட்டு, நோட்டில் ஒரு வரி. சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை போய்விடும். யார், எங்கே, எப்போது, மேலே கிடந்ததா பதிந்திருந்ததா. அவ்வளவுதான்.

அந்த ஐந்து இதழ்க் கல் இப்போது என் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவில், பஞ்சு மெத்தையில் இருக்கிறது. வருகிற ஞாயிறு அவருக்கு லோடு இல்லையாம். இரண்டு பேருமாக வாரணவாசி போகிறோம். ரசீது கொடுக்கிறார்களா இல்லையா என்று வந்து எழுதுகிறேன். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருவேன். பிடிவாதத்தில் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1996-இல் என்னோடு காரைக்கு வந்த பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்கே இப்போது நாற்பது வயதாகிறது. அன்று பையில் போட்டுக்கொண்ட கல் பரணிலோ, மாடத்திலோ, பூஜை அறையிலோ இன்னும் இருந்தால் கழுவாமல் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடினீர்கள், பனைமரம் இருந்த பக்கமா, ஓடைப் பக்கமா, நினைவில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் அடிக்க மாட்டேன்.